மன அழுத்தமும் முடி உதிர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டென்ஷன்தான் காரணம், தானா சரியாகிடும்." முடி கொட்டுகிறது என்று சொல்லும் பெண்களில் பலருக்கு வீட்டிலும் வெளியிலும் கிடைக்கிற பதில் இது. பாதி சரி. மன அழுத்தத்தால் முடி கொட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் அடங்காத உதிர்வை டென்ஷன் தலையில் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால், உண்மையான காரணம் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். கீழே உள்ள பதில்களில் பல இந்தக் கணக்கைப் பற்றியவை.

டென்ஷனால் உண்மையிலேயே முடி கொட்டுமா?

கொட்டும். ஆனால் நேற்று அலுவலகத்தில் நடந்த சண்டைக்கு இன்று சீப்பில் முடி வராது. உடம்பையோ மனதையோ பலமாக உலுக்கிய ஒரு சம்பவம், அல்லது வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு இரண்டையும் கெடுத்த ஒரு காலம் தேவை. அப்படி நடக்கும்போது வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் ஒரு பெரும் பகுதி ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகிறது. மருத்துவத்தில் இதன் பெயர் டெலோஜன் எஃப்ளூவியம். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் 1961இல் வைத்த பெயர் இது.

இதைத் தவிர, புழுவெட்டு, தன்னையறியாமல் முடியைப் பிடுங்கும் பழக்கம், பொடுகு அதிகமாவது ஆகியவற்றோடும் மன அழுத்தத்துக்குத் தொடர்பு பேசப்படுகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு கதை. மருந்தும் வேறு.

ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டினால் பரவாயில்லை?

தலையில் ஏறக்குறைய 1,00,000 முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்கிறது, இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை முடித்துக்கொள்கிறது, பிறகு சுமார் 3 மாதம் சும்மா வேரில் நிற்கிறது, அப்புறம் விழுகிறது. எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில்தான் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு.

தயவுசெய்து உட்கார்ந்து எண்ணாதீர்கள். எண்ண ஆரம்பித்தவர்களுக்கு அதுவே இன்னொரு கவலையாகிவிடுகிறது. எண்ணிக்கையை விட, உங்களுக்கு வழக்கமாக விழுவதோடு ஒப்பிட்டால் போதும். ஜடை மெலிந்துவிட்டதா, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிய இடத்தில் மூன்று சுற்றுத் தேவைப்படுகிறதா, வகிடு அகலமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. கொட்டுகிறதே என்று பயந்து தலைக்குக் குளிக்கும் நாளைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. விழ வேண்டிய முடி ஏற்கெனவே வேரை விட்டு வந்துவிட்டது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை குளித்தால், எல்லாம் ஒன்றாக வந்து குளியலறைக் குழாய்த் துவாரத்தை அடைக்கும்போது இன்னும் பயமாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கஷ்ட காலமெல்லாம் முடிந்து நிம்மதியாக இருக்கும்போதுதான் கொட்ட ஆரம்பித்தது. இது எப்படி டென்ஷனாக இருக்கும்?

இந்தக் கேள்விக்கான பதிலைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

அதிர்ச்சி நடந்த அன்று முடி விழுவதில்லை. அன்று அது வளர்வதை மட்டுமே நிறுத்துகிறது. நின்றுபோன முடி இரண்டு மூன்று மாதம் வேரிலேயே ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகுதான் உதிர்கிறது. ஆக, இன்று உங்கள் கையில் வரும் முடியின் கணக்கு மூன்று மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. ஏப்ரலில் தேர்வு முடிந்து, ஜூலையில் கல்லூரிக்குச் சேர்ந்து சந்தோஷமாக இருக்கும் பெண்ணுக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது இதனால்தான். அவளும் அம்மாவும் புது ஷாம்பூவைத் திட்டுவார்கள். ஷாம்பூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காலண்டரை எடுத்து, கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் பின்னால் போங்கள். அந்த மாதத்திலும் அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? காய்ச்சல், அறுவை சிகிச்சை, வீட்டில் ஒரு சாவு, வேலை போனது, நிச்சயம் நின்றது, பட்டினி டயட், நிறுத்திய அல்லது புதிதாகத் தொடங்கிய மாத்திரை. பெரும்பாலும் ஒன்று அகப்படும். மருத்துவரிடம் போகும்போது இந்தத் தேதியைச் சொல்லுங்கள். விலை உயர்ந்த பல பரிசோதனைகளை விட அது அவருக்கு உதவும்.

உடம்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

நீண்ட காலமாக இது அனுபவத்தில் தெரிந்த விஷயமாகவே இருந்தது. வழிமுறை தெளிவாக இல்லை. 2021இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யா-சீ ஷூ என்பவரின் ஆய்வகம் எலிகளை வைத்து ஒரு முக்கியமான சங்கிலியைக் கண்டுபிடித்து நேச்சர் இதழில் வெளியிட்டது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கிறது. மனிதர்களுக்கு அது கார்ட்டிசால், எலிகளுக்குக் கார்ட்டிகோஸ்டீரான். இந்த ஹார்மோன் மயிர்க்காலில் உள்ள குருத்தணுக்களை (புது முடியை உருவாக்கும் மூல அணுக்களை) நேராகத் தாக்குவதில்லை. மயிர்க்காலின் அடியில் இருக்கும் ஒரு சிறு அணுக்கூட்டம், 'எழுந்து வளர்' என்று குருத்தணுக்களுக்குச் சொல்ல காஸ்6 என்ற புரதத்தை அனுப்பும். ஹார்மோன் அந்தப் புரதத்தை நிறுத்திவிடுகிறது. சொல்ல ஆள் இல்லாததால் மயிர்க்கால் ஓய்விலேயே கிடக்கிறது.

அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலிகளில் ஓய்வுக் காலம் குறைந்து, முடி திரும்பத் திரும்ப வளர்ந்தது. அழுத்தத்தில் இருந்த எலிகளுக்குக் காஸ்6 கொடுத்தபோது வளர்ச்சி திரும்பியது. இதை வைத்து மனிதர்களுக்கு மருந்து வந்துவிட்டது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். ஆனால் எனக்கு இதில் மிகவும் ஆறுதலாகத் தோன்றுவது ஒன்று: குருத்தணுக்கள் சாகவில்லை. வேர் அப்படியே இருக்கிறது, சமிக்ஞைக்காகக் காத்திருக்கிறது.

டெங்கு வந்து போன பிறகு கொட்டுகிறது. அதுவும் இதே வகையா?

அதே வகைதான். மயிர்க்காலுக்கு மனக் கஷ்டம், உடல் கஷ்டம் என்ற பாகுபாடு கிடையாது. டெங்கு, டைஃபாய்டு, கோவிட் என்று கடும் காய்ச்சல் எதுவாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் அதன் பில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வந்தவருக்கு தை, மாசியில் கொட்டும். 2020, 2021இல் கோவிட் வந்து போனவர்கள் உலகம் முழுக்க இதே புகாரோடு தோல் மருத்துவர்களிடம் போனார்கள்.

ஒரே மாதத்தில் ஏழெட்டுக் கிலோ குறைக்கும் டயட்டும் உடம்பைப் பொறுத்தவரை ஒரு பஞ்சம்தான். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு சாப்பாட்டைப் பாதியாக்கிக்கொள்ளும் பெண்ணுக்கு, சரியாகக் கல்யாண வாரத்தில் முடி கொட்டத் தொடங்கலாம். இதை முன்கூட்டியே சொல்ல ஆள் இருப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்கிறார்களே?

பாட்டிமார்கள் கவனித்தது சரி. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவது இரண்டாம், மூன்றாம் மாதத்தில். பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வும் அந்தச் சமயத்தில்தான் தொடங்குகிறது. காரணம் சிரிப்பு இல்லை. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருப்பதால் விழ வேண்டிய முடிகூட விழாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். அப்போது முடி அடர்த்தியாகத் தெரியும். பிரசவமானதும் ஹார்மோன் சட்டென்று இறங்க, நிலுவையில் இருந்த எல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகின்றன.

குழந்தைக்கு ஒரு வயதாகும்போது பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். தாய்ப்பால் கொடுப்பதால் கொட்டுகிறது என்று நினைத்துப் பாலை நிறுத்த வேண்டாம். அதே சமயம், பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தாலோ, எப்போதும் அசதியாக இருந்தாலோ ரத்தசோகையும் தைராய்டும் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறுவது சகஜம். குழந்தை தூங்கும்போதும் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது என்றால் அதைத் 'டென்ஷன்' என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை உண்டு.

ஹாஸ்டல் மாறினேன், போர் தண்ணீரால் கொட்டுகிறது என்கிறார்கள். தண்ணீரா, டென்ஷனா?

விழுந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு, தன் காலம் முடிந்து வந்த முடி. குமிழ் இல்லாமல், நீளம் குறைவாக, முனை பிசிறாக இருந்தால் நடுவில் முறிந்தது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி, சிக்காக்கி, முறியவைக்கலாம். வேரோடு கொட்டுவதற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

வீட்டை விட்டு வந்தது, மெஸ் சாப்பாடு பிடிக்காமல் பாதி நாள் பட்டினி, இரவு இரண்டு மணி வரை விழிப்பு. இவை எல்லாமே தண்ணீரோடு சேர்ந்து மாறியவை என்பதை மறந்துவிடுகிறோம்.

ஹெல்மெட் போடுவதால்?

இல்லை. ஹெல்மெட் போடுங்கள். உள்ளே வியர்வையும் பொடுகும் சேராமல் துணியை அடிக்கடி துவைத்துக்கொண்டால் போதும்.

இது தற்காலிகமா, வழுக்கையின் ஆரம்பமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மன அழுத்த உதிர்வு திடீரென்று வரும், தலை முழுக்கச் சமமாகக் கொட்டும். நிறைய முடி கையில் வரும். ஆனால் முழு வழுக்கை ஆக்காது. பாதிக்கு மேல் போவது அரிது.

பரம்பரை வழுக்கை சத்தமில்லாமல் வரும். கையில் அவ்வளவாக முடி வராது. ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரமும் உச்சியும் காலியாகும். பெண்களுக்கு நெற்றிக்கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அகலமாகும். அங்கே முடி விழுவதை விட, ஒவ்வொரு சுற்றிலும் முளைக்கும் முடி மெலிந்துகொண்டே போவதுதான் பிரச்சினை. டிஎச்டி என்ற ஹார்மோனும் மரபணுவும் காரணம். டென்ஷன் இதை உண்டாக்காது.

சிக்கல் எங்கே என்றால், இரண்டும் ஒரே தலையில் இருக்கலாம். மெதுவாக மெலிந்துகொண்டிருந்தது கண்ணுக்குப் படாமல் இருக்கும். ஒரு காய்ச்சலோ பெரிய கவலையோ வந்து ஒரேயடியாகக் கொட்டியதும் அது வெளிச்சத்துக்கு வரும். ஆறு மாதம் கழித்து உதிர்வு நின்ற பிறகும் உச்சி நிரம்பவில்லை என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்பா, தாய்மாமன், அம்மா, பெரியம்மா தலைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

புழுவெட்டு டென்ஷனால் வருமா?

புழு எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் நோய் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குவதால் நாணயம் போல வட்டமாக, வழுவழுவென்று முடி இல்லாத இடம் உண்டாகிறது. தலை, தாடி, மீசை, புருவம் எங்கும் வரலாம். வாழ்நாளில் நூறில் இரண்டு பேருக்கு வரக்கூடியது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

மன அழுத்தத்தோடு தொடர்பு? பெரும் துக்கத்துக்குப் பிறகு வந்தது என்று பலர் சொல்கிறார்கள். ஆய்வுகளின் முடிவு ஒரே மாதிரி இல்லை. உடம்பில் ஏற்கெனவே அந்தத் தன்மை இருப்பவருக்கு அழுத்தம் ஒரு தூண்டுதலாக அமையலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஒன்றிரண்டு சிறு வட்டங்கள் பலருக்கு ஓர் ஆண்டுக்குள் தானாகவே நிரம்பிவிடும். முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கறுக்கும். தோல் மருத்துவர் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கமான சிகிச்சை. தலை முழுக்கப் பரவிய கடுமையான நிலைக்கு பாரிசிடினிப் என்ற மாத்திரைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என்பதால் கண்காணிப்போடு மட்டுமே எடுக்க வேண்டியது.

பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோல் வெந்துபோவது நடக்கிறது. செய்யாதீர்கள், குழந்தைகளுக்கு நிச்சயமாகச் செய்யாதீர்கள். குழந்தையின் தலையில் வட்டமாக முடி போய், அங்கே செதிளும் அரிப்பும் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சைக்கான மாத்திரை வேண்டும்.

என் மகள் படிக்கும்போது முடியைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறாள். திட்டினாலும் நிறுத்தவில்லை.

திட்டுவதை நிறுத்துங்கள். இது திமிரோ கெட்ட பழக்கமோ இல்லை. ட்ரைக்கோட்டிலோமேனியா என்று பெயருள்ள நோய். பத்திலிருந்து பதிமூன்று வயதுக்குள் தொடங்குவது அதிகம். பதற்றம் ஏறும்போதும், சும்மா இருக்கும்போதும் விரல் தானாகத் தலைக்குப் போகும். பிடுங்கியதும் ஒரு நொடி நிம்மதி வரும், பிறகு வெட்கம். பலர் இதை மறைப்பதிலேயே வாழ்க்கையைக் கழிக்கிறார்கள்.

எண்ணெயும் தைலமும் இதற்குப் பயன்படாது. எந்த நேரத்தில் கை போகிறது என்று கவனிக்கவும், அப்போது விரல்களுக்கு வேறு வேலை கொடுக்கவும் படிப்படியாகச் சொல்லித்தரும் பயிற்சி முறை இருக்கிறது. மனநல மருத்துவரோ உளவியலாளரோ கற்றுத்தருவார்கள். பிடுங்கிய முடியை விழுங்குகிறாளா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். விழுங்கினால் வயிற்றில் உருண்டையாகி அறுவை சிகிச்சை வரை போகலாம்.

கவலையால் நரைக்குமா? ஒரே ராத்திரியில் நரைத்தது என்கிறார்களே?

ஒரே ராத்திரியில் நரைக்க வழியில்லை. வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாதது, அதன் நிறத்தை உடம்பால் மாற்ற முடியாது. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்துக்கு 1793இல் கில்லட்டினுக்குப் போகும் முன் அப்படி ஆனதாகக் கதை உண்டு. இப்படிப்பட்ட கதைகளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள்: புழுவெட்டு தலை முழுக்கப் பரவும்போது கறுத்த முடி முதலில் கொட்டி, கலந்திருந்த வெள்ளை முடி மட்டும் மிஞ்சும்.

மெதுவாக நரைப்பதற்கும் அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. அதே ஷூவின் ஆய்வகம் 2020இல் எலிகளில் காட்டியது இது. அவர்கள் முதலில் நோய் எதிர்ப்பு அணுக்களையும், பிறகு கார்ட்டிசால் வகை ஹார்மோனையும் சந்தேகித்தார்கள். குற்றவாளி நரம்பு நுனியிலிருந்து வரும் நார்அட்ரினலினாக இருந்தது. அது நிறமணுக்களின் இருப்பை ஒரேயடியாகச் செலவழித்துவிடுகிறது. 2021இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 14 பேரின் முடிகளை நுணுக்கமாக ஆராய்ந்தபோது, விடுமுறைக்குப் போன ஒருவரின் ஐந்து முடிகள் வெள்ளையிலிருந்து கறுப்புக்குத் திரும்பியிருந்தன. ஐந்து முடிதான். பல ஆண்டு நரை திரும்பும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

என் அழுத்தமான கருத்து: ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒரு பெண்ணின் முடி உதிர்வை டென்ஷன் என்று முடிவு கட்டக் கூடாது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பெண்களுக்கு இருக்கிற ஒரு பிரச்சினையைப் பார்க்காமலேயே மனதைக் குறை சொல்வது என்ன நியாயம்?

முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச். இவை அடிப்படை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் சேமிப்பான ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், அதனால் அதைக் கேட்டு வாங்குங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12, தேவைப்பட்டால் வைட்டமின் டி. மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு என்று இருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா?

பயோட்டின் ஒரு பி வைட்டமின். அதன் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு இதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அதை விட முக்கியம், அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனை முடிவையும் தப்பாகக் காட்டவைக்கும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரித்தது. ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் அளவுக்கு மீறினால் அவையே முடியைக் கொட்டவைக்கும்.

எண்ணெய், மொட்டை, மினாக்சிடில், இவற்றில் எது உதவும்?

எண்ணெய் முடியின் உராய்வைக் குறைத்து முறிவைத் தடுக்கும். கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்து யாராவது தலையை மெதுவாகப் பிடித்துவிட்டால் மனம் இளகும், அதுவும் நல்லதுதான். ஓய்வில் இருக்கும் வேரை அது எழுப்பாது. பொடுகு இருக்கும் தலையில் எண்ணெய் ஊறவைத்தால் பொடுகு கூடலாம்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பது கண்ணின் மயக்கம். வெட்டிய முனை தடித்துத் தெரிகிறது. சாமிக்கு வேண்டிக்கொண்டு அடிப்பது வேறு விஷயம்.

தலையில் தடவும் மினாக்சிடில் பரம்பரை வழுக்கைக்கு நல்ல மருந்து. தற்காலிக உதிர்வுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. தொடங்கிய முதல் சில வாரங்களில் அதுவே இன்னும் கொட்டவைக்கும் என்பதை யாரும் சொல்லாததால் பலர் பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். தோல் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

திரும்ப வர எவ்வளவு நாள் ஆகும்?

காரணம் நீங்கிவிட்டால் மூன்று முதல் ஆறு மாதத்தில் உதிர்வு அடங்கும். நெற்றியோரம் குட்டி முடிகள் விறைத்து நிற்கத் தொடங்கினால் அதுதான் நல்ல சேதி. ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தோள்வரை முடி வைத்திருப்பவருக்குப் பழைய அடர்த்தி தெரிய ஒன்றரை இரண்டு ஆண்டு, இடுப்புவரை ஜடை வைத்திருப்பவருக்கு ஐந்தாறு ஆண்டு ஆகலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று இடையில் மருந்து மாற்றி மருந்து மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மனதுக்கு என்ன செய்வது? 'ரிலாக்ஸா இரு' என்றால் எப்படி?

அப்படிச் சொல்வதால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டில் ஒவ்வொரு வேளையும் பருப்போ முட்டையோ சுண்டலோ மீனோ இருக்கட்டும். தூங்கும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். தினம் அரை மணி நடை. அழுத்தத்தின் காரணம் கடனோ, வீட்டில் அடியோ, வேலையில் தொல்லையோ என்றால் மூச்சுப் பயிற்சியால் அது தீராது. அந்தக் காரணத்துக்குத்தான் உதவி தேட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் முடியைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு உடனே பேசுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

எப்போது தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்?

தலைத்தோல் சிவந்து, எரிந்து, சீழ் வைத்து, அல்லது துளைகள் மறைந்து தழும்பு போலப் பளபளப்பாகி முடி போனால் அதே வாரம். தழும்பாகிவிட்ட இடத்தில் முடி திரும்ப முளைக்காது, நாள் தாமதிக்கத் தாமதிக்க இழப்பு கூடும். வட்டமாகக் கொட்டினாலும், புருவம் போனாலும், ஆறு மாதத்துக்கு மேல் உதிர்வு நிற்காவிட்டாலும், மூன்று மாதம் பின்னால் போய்த் தேடியும் காரணம் எதுவும் அகப்படாவிட்டாலும் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும் அன்று தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், மருத்துவர் மயிர்க்காலைக் கருவி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், உங்கள் முடி நன்றாக இருந்தபோது எடுத்த ஒரு போட்டோவையும் கையோடு கொண்டுபோங்கள்.